மூன்றாம் முறை வந்த நிலை

அக்கா முதலில் செஸ் கடிகாரத்தை அழுத்தினாளா, கையை நீட்டினாளா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு சமயம் இப்படித் தோன்றுகிறது, ஒரு சமயம் அப்படி. பதினேழு வயதில் ஆடிய ஆட்டங்களை முதல் நகர்த்தலிலிருந்து கடைசிவரை இப்போதும் சொல்வேன். யாரிடம் தோற்றேன், அன்று அவர் என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்பதுவரை சொல்வேன். பதினான்கு வருடங்களுக்கு முன் நடந்த அந்த ஒரே ஒரு ஆட்டத்தில், நாற்பத்தேழாவது நகர்த்தலை ஒட்டிய சில நிமிடங்கள் மட்டும் ஒழுங்காக நினைவில் நிற்பதில்லை. எனக்குச் சாதகமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டதில் அசல் தேய்ந்திருக்க வேண்டும். ஆகவே இதில் எங்காவது நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தால் அந்த இடத்தை நம்ப வேண்டாம்.

நானும் அக்காவும் ஒரே வாரத்தில் செஸ் கற்றுக்கொண்டோம். அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. அப்பாவுக்கு அச்சகத்தில் இரவு வேலை. காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தாரென்றால் மாலை நான்கு மணிவரை எழுந்திருக்க மாட்டார். வீடு என்பது ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. விடுமுறை நாட்களில் அப்பாவின் தூக்கம் கெடாமல் எங்களை உட்கார வைப்பதற்கு அம்மா கண்டுபிடித்த வழிதான் செஸ் பலகை. அதனால் எங்கள் வீட்டு ஆட்டத்தில் பேச்சு கிடையாது. செக் வைத்தால் பலகையின் ஓரத்தில் நகத்தால் ஒரு தட்டு. தோற்றால் ராஜாவைச் சத்தமில்லாமல் படுக்க வைக்க வேண்டும். ஒரே நிலை மூன்றாவது தடவை பலகையில் வந்துவிட்டால், யார் முதலில் கவனிக்கிறாரோ அவர் உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நீட்டுவார். மற்றவர் அதன்மேல் தன் கையை வைப்பார். டிரா. அவ்வளவுதான்.

இப்படி எத்தனை ஆயிரம் ஆட்டங்கள் ஆடியிருப்போம் என்று தெரியாது. அக்காவுக்குப் பலகையை விட்டு எழுந்தால் வாய் ஓயாது. எனக்குத்தான் அந்த மௌனம் அப்படியே ஒட்டிக்கொண்டது. முனிவர் என்று பெயர் வைத்தாள்.

அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஆனால் கிராண்ட்மாஸ்டர் பட்டம் எனக்குத்தான் முதலில் வந்தது, இருபத்திரண்டு வயதில். அந்தப் பட்டத்துக்கு மூன்று பெரிய போட்டிகளில் குறிப்பிட்ட அளவு புள்ளி எடுத்துக் காட்ட வேண்டும். அக்கா இருபத்தைந்து வயதில் முதல் போட்டியில் எடுத்தாள். அதே வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான் அப்போதுதான் வெளிநாட்டுக் கிளப் ஒன்றிடமிருந்து அழைப்பு வாங்கியிருந்தேன்.

"ரெண்டே வருஷம்க்கா. அப்புறம் நான் வந்து பாத்துக்கறேன், நீ ஆடு" என்றேன்.

"சரிடா. நீ மொதல்ல பொட்டியைத் தூக்கு, வண்டி கெளம்பிடப் போவுது" என்றாள்.

இரண்டு வருடம் முப்பது வருடமானது.

போன இடத்தில் என் வாழ்க்கை வெளியே நினைப்பதுபோல ஒன்றும் பிரமாதமாக இல்லை. கிளப் என்பது மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். வார்னிஷ் வாசனையில் எல்லோருக்கும் தலை வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை அணிக்காக ஆடுவேன். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் காய் எப்படிப் போகும் என்று சொல்லித்தருவேன். குடியேற்ற அலுவலகத்தில் படிவம் நிரப்பிய குமாஸ்தா, தொழில் என்ற இடத்தில் செஸ் என்று நான் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு, "அது சரி சார், வேலை என்ன பாக்குறீங்க?" என்று கேட்டார். கிராண்ட்மாஸ்டர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விளையாட்டு ஆசிரியர் என்று எழுதிக்கொண்டார்.

வாராவாரம் அக்கா தொலைபேசியில் கூப்பிடுவாள். அப்பாவைப் பற்றி இரண்டு நிமிடம், பிறகு முக்கால் மணி நேரம் ஆட்டம். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, வீட்டில் அப்பாவுக்கு எல்லாம் செய்ய வேண்டும், இதற்கிடையே என் எதிராளிகளின் ஆட்டங்களை எடுத்துப் போட்டு ஓட்டை தேடுவாள். என் பெயரோடு புத்தகங்களில் அச்சாகியிருக்கும் ஒரு குதிரை நகர்த்தல் உண்டு. அது அவள் சமையலறையில் கண்டுபிடித்தது. பேட்டி எடுத்தவர் அது எப்படித் தோன்றியது என்று கேட்டபோது, திடீரென்று தோன்றியது என்றேன். பேட்டியை வெட்டி அனுப்பச் சொல்லி அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள் அக்கா.

அப்பா பத்து வருடம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் அவள் மறுபடி போட்டிகளுக்குப் போனாள். முப்பத்தெட்டு வயதில் இரண்டாவது தடவையும் அந்தப் புள்ளிகளை எடுத்தாள். இன்னும் ஒன்று பாக்கி. நாற்பத்தொரு வயதில், நான் இருந்த ஊரில் நடந்த ஒன்பது சுற்றுப் போட்டிக்கு வந்தாள். இதுதான் கடைசி சிறப்பு விடுப்பு என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவை விரித்துப் படுத்துக்கொள்வாள். எட்டு சுற்று முடிந்தபோது அவளுக்குத் தேவை அரைப் புள்ளி. கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் போதும், அவள் கிராண்ட்மாஸ்டர்.

யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல் சாயங்காலம் வந்தது. என் மனைவி போனைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, நாளைக்கு உங்களுக்கு யாரு தெரியுமா? ஒரு கெழட்டு கிராண்ட்மாஸ்டர். இந்த வீட்டுலதான் இருக்காரு. வெள்ளைக் காய் அவருக்கு."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அந்தக் கல்லுளிமங்கனா! ஆடியே கொல்ல வேணாம், எதிர்ல உக்காந்தே கொன்னுடுவானே!"

"உங்களுக்கு அரைப் புள்ளி போதும்ல? அப்புறம் என்ன, பத்து நிமிஷத்துல கை குடுத்துட்டு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துடுங்க. நான் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிடறேன், எங்கயாவது வெளிய போலாம்."

"அது நடக்காதும்மா. இந்தப் போட்டியில டிரா வேணுமான்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே கூடாது. பேசி வச்சுக்கிட்டு ஆடுறாங்கன்னு அப்படி ஒரு ரூல் போட்டிருக்காங்க. ஒரே நிலை மூணு தடவை வந்தாத்தான், அதுவும் நடுவரைக் கூப்பிட்டு முறையாக் கேட்டாத்தான் டிரா."

"அப்ப மூணு தடவை வர வச்சுடுங்க. நீங்க நெனச்சா முடியாதா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "இனாமா எனக்கு வேணாம். இத்தனை வருஷம் காத்திருந்துட்டு, தம்பி போட்ட பிச்சைன்னு நாலு பேரு சொல்லணுமா? டேய் முனிவா, ஒழுங்கா ஆடு. விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, தோலை உரிச்சுடுவேன்."

"ம்" என்றேன்.

"பாத்தியா? இதுக்கே அவனுக்கு மூச்சு வாங்குது."

விட்டுக்கொடுக்கச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை போட்டி அரங்கின் நடைபாதையில் தேசிய அணியின் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த நாட்டு அணிக்கு ஐந்து பேர். நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு நானும் இன்னொருவரும் இருந்தோம். எனக்குக் குடியுரிமை கிடைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அணியில் ஒருமுறையும் சேர்க்கவில்லை. பத்திரிகையில் என் பெயர் வந்தால் முன்னால் 'இங்கு குடியேறிய' என்று ஒரு சொல்லும் கூடவே வரும்.

"எதிர்ல உங்க அக்காவாமே?" என்றார் செயலாளர். "நல்லது, நல்லது. தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பத்துக்குள்ள ஆட்டம்னா எல்லாரும் கொஞ்சம் உத்துப் பாப்பாங்க. டிரா ஆச்சுன்னா நான் உங்களுக்காகப் பேசறது கஷ்டம். ஜெயிச்சீங்கன்னா பேச்சே இல்ல."

அப்போதும் நான் "ம்" என்றுதான் சொன்னேன்.

ஆட்டம் பத்து மணிக்கு ஆரம்பித்தது. அக்கா கையைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் மூன்று மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் நேர்மையாக ஆடினேன், அவளும் ஆடினாள். முப்பதாவது நகர்த்தலில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவளுடைய யானை பக்கவாட்டிலிருந்து என் சிப்பாயைத் தாக்கும். நான் என் யானையால் காப்பேன். அவள் பின்னாலிருந்து தாக்குவாள். நான் யானையைத் திருப்பிக் காப்பேன். மறுபடி பக்கவாட்டுக்கு வருவாள். நான் அந்தச் சிப்பாயை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு பக்கம் பாய்ந்தால் ஒழிய இதற்கு முடிவில்லை. அப்படிப் பாய்வது எனக்கும் ஆபத்து.

ஒரு நிலை திரும்பத் திரும்ப வந்தால், ஆட்டத்தைக் குறிக்கும் தாளில் அது முதலில் வந்த நகர்த்தலிலிருந்து ஒவ்வொரு தடவைக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். கை தானாகச் செய்யும். நாற்பத்தேழாவது நகர்த்தலில் அவள் யானையைப் பக்கவாட்டில் வைத்தாள். கை மூன்றாவது புள்ளியை வைத்தது.

அப்போதுதான் அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, மேசையின் நடுவில், கடிகாரத்துக்குப் பக்கத்தில்.

இதில் அவள் செய்த தவறு என்னவென்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை என்று டிரா கோருகிறவர், காயைத் தொடுவதற்கு முன்னால் அந்த நகர்த்தலைத் தாளில் எழுதி, நடுவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். காயை நகர்த்தியாகிவிட்டால் கோரும் உரிமை எதிராளியிடம் போய்விடும். அக்காவுக்கு இது தெரியாதா? முப்பது வருடப் போட்டி அனுபவம். என் கண்ணெதிரே எத்தனையோ பேரிடம் சரியாக எழுதி, சரியாகக் கூப்பிட்டு டிரா வாங்கியிருக்கிறாள். வேறு யார் எதிரில் இருந்திருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். எதிரில் நான் இருந்தேன். அப்பா தூங்குகிறார் என்று அவள் கை நினைத்துவிட்டது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்தேனா, பார்க்காததுபோல இருந்தேனா என்று கேட்டால், பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். நடுவர் வேகமாக வந்தார். பெரிய உடம்பு, ரப்பர் செருப்பு, சத்தமே வராது.

"என்ன பிரச்சினை?"

"மூணாவது தடவை" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க காயை நகத்திட்டீங்க. முன்னாடியே எழுதிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கணும். இப்ப முறை அவரோடது. அவர் கேட்டார்னா தாளைச் சரிபாத்து டிரா குடுக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

ஒரு சொல் போதும். மூன்றாவது என்ற ஒரு சொல். அது விட்டுக்கொடுப்பது ஆகாது. பிச்சையும் ஆகாது. அந்த டிராவை அவள் மூன்றரை மணி நேரம் ஆடிச் சம்பாதித்திருந்தாள். நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கண்ணால் கண்டதைச் சொல்வது.

நான் பலகையைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். இல்லை என்று.

நடுவர் போய்விட்டார். என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் யோசித்தேன் என்று பதிவில் இருக்கிறது. என்ன யோசித்தேன்? செயலாளரை நினைத்தேன். மூன்று தடவை வந்ததா என்று எனக்குச் சந்தேகம் இருப்பதாக என்னையே நம்ப வைக்கப் பார்த்தேன். ஜெயித்தே தீர வேண்டுமென்று இல்லை, சும்மா ஆடிப் பார்ப்போம், எப்படியும் அவள் டிரா செய்துவிடுவாள் என்றும் நினைத்தேன். இந்தக் கடைசி நினைப்புதான் மிகவும் வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சிப்பாயைக் கைவிட்டு, மறுபக்கச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துபோயிருந்தது. நான்கைந்து நகர்த்தல்களை மடமடவென்று ஆடினாள். அதில் ஒன்று தப்பு. எழுபத்தொன்றாவது நகர்த்தலில் ராஜாவை மெல்லப் படுக்க வைத்தாள்.

"நல்லா ஆடின" என்றாள். ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் பக்கத்து அறைக்குப் போய், வேறு பலகையில் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் மரியாதை. வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். காய்களை அடுக்கினாள். முதல் நகர்த்தலிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள்: "இங்க நீ பயந்துட்ட, எனக்குத் தெரியும்." "இது எவன் சொல்லிக்குடுத்தான் உனக்கு, கண்றாவியா இருக்கு." அந்த யானை இடம் வந்தபோது கை நின்றது.

"இது எத்தனாவது தடவைடா?"

"ரெண்டாவதுன்னு நெனச்சேன்க்கா."

என் ஆட்டத்தாள் மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. மூன்று புள்ளிகளும் நீல மையில் நன்றாகத் தெரிந்தன. என் வழக்கம் அவளுக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். அவள் தாளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. பிறகு அதை எடுத்து நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகினாள்.

"கண்ட எடத்துல போடாத" என்றாள். மறுபடி பலகைக்குத் திரும்பினாள். "அத விடு. இங்க பாரு, நான் ராஜாவை நடுவுக்குக் கொண்டு வந்திருந்தா அப்பவும் டிராதான். பதட்டப்பட்டுட்டேன். என் தப்பு."

அது உண்மை. ராஜாவை நடுவுக்குக் கொண்டு வந்திருந்தால் டிராதான். பின்னாளில் கணினியில் போட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள். நான் சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் கேட்டது.

"இல்லம்மா, கெடைக்கல. ஆமா, இவன்கூடத்தான்... அவன் என்னம்மா பண்ணுவான்? நான்தான் கையில வச்சிருந்ததைக் கோட்டை விட்டேன். இல்ல, இல்ல, அழலை. சளி. அவனைத் திட்டாத, அவன் ஒழுங்காத்தான் ஆடினான். நான்தான் அப்படி ஆடச் சொன்னேன்... நல்லாத்தான் சாப்பிடறான். குண்டாயிட்டான்."

என் மனைவி மதியம் ஆஸ்பத்திரி இடைவேளையில் ஆட்டத்தை நேரலையில் பார்த்திருக்கிறாள். அக்கா குளிக்கப் போனதும் என்னிடம் வந்தாள்.

"நடுவர் எதுக்கு வந்தாரு?"

"ஒரு ரூல் விஷயம்."

"அதுக்கப்புறம் ஒம்பது நிமிஷம் அப்படி என்ன யோசிச்சீங்க?"

"ஆட்டத்தைத்தான்."

 அன்று அக்காவுக்குச் சாப்பாடு போடும்போது இரண்டு மூன்று தடவை அவள் தோளைத் தொட்டாள்.

மறுநாள் விமான நிலையத்தில் அக்காவின் பெட்டி எடை கூடிவிட்டது. இரண்டு செஸ் புத்தகங்களை எடுத்து என் கையில் கொடுத்தாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"அக்கா."

"சொல்லு."

அவள் நின்று, முழுதாகத் திரும்பி, காத்திருந்தாள். பின்னால் நின்றவர் தன் வண்டியால் லேசாக இடித்தார். அவள் நகரவில்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன்.

"பண்றேன்" என்றாள்.

அணியில் எனக்கு ஐந்தாவது இடம் கிடைத்தது. ஒன்பது நாள் போட்டியில் இரண்டு ஆட்டம் ஆடக் கொடுத்தார்கள். ஒன்று தோல்வி, ஒன்று டிரா. அடுத்த முறை சேர்க்கவில்லை. செயலாளர் ஓய்வு பெற்றுவிட்டார், தெருவில் பார்த்தால் அக்காவை விசாரிப்பார். மனைவி அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறாள். அம்மா ஏழு வருடங்களுக்கு முன் இறந்தாள். கடைசிவரை என்னை அவள் திட்டவில்லை. நான் நாற்பத்தேழு வயதில் போட்டிகளை நிறுத்திவிட்டேன், மூன்று பள்ளிகளில் சொல்லித்தருகிறேன். அக்கா அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. அலுவலகத்தில் கிளை மேலாளர் ஆனாள். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. இப்போதும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். உடம்பு, மழை, சாமான் விலை என்று எல்லாம் பேசுகிறோம், செஸ் பேசுவதில்லை. பட்டம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.